வியூ கம்போனன்ட்டை கேஷ் பண்ணா டிப்ளாய்க்கு அப்புறமும் பழைய கார்டே வருது, கேஷை உள்ள வெக்கணுமா வெளிய வெக்கணுமா?

தறிநாடா:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மண்டை காயுது, அதான் இங்க கேட்டுடலாம்னு வந்தேன். போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், கோட் ஒட்ட வழியில்ல, வாயாலயே சொல்றேன் புரிஞ்சுக்கோங்க.

சேலை விக்கிற ஒரு கிளையன்ட்டோட சைட், ரெயில்ஸ் 7.1 (ரூபியில வெப்சைட் கட்டற ஃப்ரேம்வொர்க்), கேஷுக்கு, அதாவது ஒருதரம் கட்டின எச்டிஎம்எல்லை எடுத்து வெச்சு திரும்ப காட்டறதுக்கு, ரெடிஸ்ங்கற மெமரி டேட்டாபேஸ். ப்ராடக்ட் கார்டு முன்னாடி பார்ஷியலா, அதாவது துண்டு டெம்ப்ளேட்டா இருந்துச்சு, அஞ்சு இடத்துல அஞ்சு விதமா காப்பி அடிச்சு வெச்சிருந்தாங்க எனக்கு முன்னாடி இருந்தவங்க, ஒரு இடத்துல விலை மாத்தி காட்டணும்னா அஞ்சு ஃபைல் தொடணும். சரின்னு எல்லாத்தையும் ஒரே வியூ கம்போனன்ட்டா, அதாவது டெம்ப்ளேட்டோட சேந்த ஒரு ரூபி கிளாஸா மாத்திட்டேன். ஹோம் பேஜ், கேட்டகரி, சர்ச், விஷ்லிஸ்ட், கீழ வர்ற "இதையும் பாருங்க", எல்லாத்துலயும் இப்ப ஒரே கார்டு. இதுவரைக்கும் நிம்மதி.

கேட்டகரி பேஜ்ல 60 கார்டு வரும், லோடாக ரெண்டு செகண்டுக்கு மேல எடுத்துச்சு. அதனால அங்கயும் ஹோம் பேஜ் மாதிரி மத்த பேஜ்லயும் லூப்புக்குள்ள ஒவ்வொரு கார்டையும் சுத்தி கேஷ் ப்ராடக்ட் டூ போட்டு உள்ள கம்போனன்ட்டை ரெண்டர் பண்ணேன். பறந்துச்சு. கிளையன்ட்டுக்கு ஏக குஷி. அப்புறம்தான் ஒண்ணொண்ணா ஆரம்பிச்சுது.

முதல்ல, கார்டுல தள்ளுபடி பட்டையை மேல இருந்து கீழ மாத்தி டிப்ளாய் பண்ணா ஹோம் பேஜ்ல புது கார்டு வருது, கேட்டகரி பேஜ்ல பழைய கார்டு. ஒரே கம்போனன்ட், ஒரே சர்வர், எப்படி? லோக்கல்ல எல்லா பேஜுமே கரெக்டா வருது.

அடுத்தது விஷ்லிஸ்ட் ஹார்ட். கிளையன்ட்டே போன் பண்ணி "தம்பி நான் லைக்கே பண்ணாத சேலைக்கெல்லாம் ஹார்ட் செவப்பா இருக்கே, யாரோட லைக் இது"ன்னு கேக்கறாரு. வேர்த்துடுச்சு எனக்கு.

மூணாவது, சைட் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு, தமிழ்ல பாக்கறவங்களுக்கு நடுநடுவுல நாலு கார்டு மட்டும் இங்கிலீஷ் பட்டனோட வருது.

இப்போதைக்கு ஒவ்வொரு டிப்ளாய் முடிஞ்சதும் கன்சோல்ல போய் ரெயில்ஸ் டாட் கேஷ் டாட் கிளியர் அடிக்கிறேன். இது வேலைக்காகாதுன்னு எனக்கே தெரியுது. கேள்வி இதுதான்: கேஷை கம்போனன்ட் உள்ள வெக்கணுமா, கூப்பிடற இடத்துல வெளிய வெக்கணுமா? இல்ல கம்போனன்ட்டை கேஷ் பண்றதே தப்பா?

கீரைவடை:

எக்ஸ்பயர்ஸ் இன் 10 நிமிஷம் போட்டு விடுங்க ப்ரோ, எல்லாம் தானா சரியாகிடும். நாங்க அப்படித்தான் ஓட்டறோம்.

நைட்டுஷிஃப்ட்:

@கீரைவடை பழைய டிசைன் பத்து நிமிஷம் தெரிஞ்சா பரவால்ல, ஒத்துக்கறேன். ஆனா அடுத்தவனோட ஹார்ட்டையும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் புதுசு புதுசா காட்டிட்டே இருக்குமே, அதுக்கு என்ன பண்றது?

@தறிநாடா லோக்கல்ல வராததுக்கு காரணம் சிம்பிள், டெவலப்மென்ட்ல கேஷ் ஆஃப்லதான் இருக்கும். ரெயில்ஸ் டெவ் கோலன் கேஷ்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஒருதரம் அடிச்சா ஆன், மறுபடி அடிச்சா ஆஃப். ஆன் பண்ணிட்டு கார்டு ஃபைல்ல ஒரு எழுத்தை மாத்தி ரிஃப்ரெஷ் பண்ணுங்க, அதே கூத்து உங்க மெஷின்லயே நடக்கும். அப்படியே ஃப்ராக்மென்ட் கேஷ் லாகிங் கான்ஃபிகையும் ட்ரூ பண்ணுங்க, எந்த கீயை (கேஷ்ல வெச்ச சரக்கோட பேரு) படிக்குது எதை எழுதுதுன்னு லாக்லயே வரும்.

ஒரே ஒரு கேள்வி, தள்ளுபடி பட்டை மாத்தின அதே டிப்ளாய்ல ஹோம் பேஜ் டெம்ப்ளேட்டை வேற எதுக்காவது தொட்டீங்களா?

தறிநாடா:

தொட்டேன் அண்ணே, தீபாவளி பேனர் ஒண்ணு சேத்தேன். அதுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லையே?

பழைய மூட்டை:

சம்பந்தம் இருக்கு, மொத்த கதையே அந்த பேனர்லதான் இருக்கு. கொஞ்சம் நீளமா சொல்றேன், டீ கையில வெச்சுக்கோங்க.

டெம்ப்ளேட்ல கேஷ் ப்ராடக்ட்னு எழுதறப்போ ரெயில்ஸ் செய்யற கீ வெறும் ப்ராடக்ட் ஐடி கிடையாது. லாக்ல பாத்தீங்கன்னா வியூஸ்னு ஆரம்பிச்சு, டெம்ப்ளேட் எங்க இருக்குங்கற பாதை, ஒரு கோலன், அப்புறம் 32 எழுத்துல புரியாத ஒரு சரம், அதுக்கு அப்புறம்தான் ப்ராடக்ட்ஸ் ஸ்லாஷ் 42ன்னு வரும். அந்த 32 எழுத்துதான் டைஜஸ்ட். கேஷ் எழுதியிருக்கற டெம்ப்ளேட்டோட டெக்ஸ்ட்டும், அந்த டெம்ப்ளேட் எந்தெந்த பார்ஷியலை கூப்பிடுதோ அதுங்களோட டெக்ஸ்ட்டும் சேந்து வர்ற கைரேகைன்னு வெச்சுக்கோங்க. டெம்ப்ளேட்ல ஒரு ஸ்பேஸ் மாறினா கூட கைரேகை மாறும், கீ மாறும், பழைய சரக்கு தொடப்படாம கெடக்கும், புதுசா ரெண்டர் ஆகும். யாரும் போய் எதையும் அழிக்க வேண்டாம்ங்கறதுதான் இதோட அழகே.

சரி, எந்த பார்ஷியலை கூப்பிடுதுன்னு ரெயில்ஸுக்கு எப்படி தெரியும்? ஓட்டி பாக்கறது இல்ல. டெம்ப்ளேட் டெக்ஸ்ட்டை மேலாப்ல படிச்சு, ரெண்டர்னு வர்ற இடத்துல பக்கத்துல பேரா எழுதியிருக்கற பார்ஷியலை பொறுக்கிக்குது. நீங்க அங்க எழுதியிருக்கறது ஒரு ரூபி கிளாஸ், ப்ராடக்ட் கார்டு கம்போனன்ட் டாட் நியூ. அது அதோட கண்ணுக்கு ஒரு டெம்ப்ளேட்டாவே தெரியாது. அதனால கார்டு ஃபைலை நீங்க தலைகீழா மாத்தினாலும் கேட்டகரி பேஜோட கைரேகை அப்படியே இருக்கும், கீயும் அதே, ரெடிஸ்ல இருக்கற பழைய எச்டிஎம்எல்லை எடுத்து நீட்டுது. ஹோம் பேஜ்ல பேனர் சேத்ததால அந்த டெம்ப்ளேட்டோட கைரேகை மாறிடுச்சு, அதனால மட்டும்தான் அங்க புது கார்டு வந்துச்சு. பேனர் போடாம இருந்திருந்தா அங்கயும் பழசுதான்.

இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இந்த டைஜஸ்ட் சமாச்சாரம் 2013-ல ரெயில்ஸ் 4 வந்தப்போ கூடவே வந்தது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடற ரஷ்ய பொம்மை கேஷிங்னு சொல்வாங்களே அதோட. அப்ப பார்ஷியலை விட்டா வேற ஆளே கிடையாது. கிட்ஹப் ஆளுங்க இந்த கம்போனன்ட் லைப்ரரியை வெளிய கொண்டு வந்ததே 2019-ல. ஆறு வருஷம் கழிச்சு வந்த மருமகளை பழைய ரேஷன் கார்டுல தேடினா எப்படி இருக்கும்.

உங்க கேள்விக்கு வரேன். வெளியதான் வெக்கணும். உள்ள வெச்சீங்கன்னா கார்டு ஆப்ஜெக்ட் உருவாகிடும், இனிஷியலைஸ் ஓடும், பிஃபோர் ரெண்டர் ஓடும், அதுக்குள்ள டேட்டாபேஸ் வேலை ஏதாவது இருந்தா அதுவும் நடந்து முடிஞ்சிருக்கும், கடைசில எச்டிஎம்எல் கட்டற வேலை மட்டும்தான் மிச்சமாகும். அது ஏற்கனவே சின்ன வேலை. வெளிய வெச்சா கம்போனன்ட்டை தொடவே தொடாது. அதோட உள்ள வெச்சா மட்டும் கம்போனன்ட் ஃபைலோட கைரேகை தானா கீல ஒட்டிக்கும்னு நெனச்சா அதுவும் இல்ல, அதே பாட்டுதான்.

அப்ப கைரேகையை நாமளேதான் ஒட்டணும். நாங்க பண்றது என்னன்னா, ஆப் பூட் ஆகறப்போ ஒரு இனிஷியலைசர்ல கம்போனன்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கற எல்லா ஃபைலையும், ரூபி, எச்டிஎம்எல் ரெண்டையும், வரிசைப்படுத்தி படிச்சு ஒரு டைஜஸ்ட் எடுத்து ஒரு கான்ஸ்டன்ட்ல வெச்சுப்போம். கேஷ் கூப்பிடறப்போ கீயை அர்ரேவா குடுக்கணும், முதல்ல அந்த கான்ஸ்டன்ட், அப்புறம் ப்ராடக்ட். அவ்வளவுதான். கார்டு ஃபைலுக்கு மட்டும் தனியா டைஜஸ்ட் எடுக்கலாமேன்னு தோணும், எடுக்காதீங்க, கார்டுக்குள்ள விலை பட்டைன்னு இன்னொரு கம்போனன்ட் இருக்கும், அதுக்குள்ள ஐகான்னு ஒண்ணு, அதை மாத்தினா மறுபடி இங்க வந்து இதே கேள்வியை கேப்பீங்க. எந்த கம்போனன்ட் மாறினாலும் எல்லாம் போகட்டும், ஒரு டிப்ளாய்க்கு ஒருதரம் சூடாகும், செத்தா போயிடும்.

சில பேர் கிட் கமிட் நம்பரையே கீல போட்டுடுவாங்க. அதுவும் ஓடும், ஆனா ரீட்மீ ஃபைல்ல ஒரு எழுத்துப்பிழை திருத்தினா கூட மொத்த கேஷும் காலி. ஒரு நாளைக்கு பத்து டிப்ளாய் பண்ற டீமுக்கு ஆகாது.

செமிகோலன்:

மூட்டை அண்ணன் சொன்னது ஃபைல் பக்கம். ஹார்ட்டும் மொழியும் வேற ஜாதி, அதை நான் சொல்றேன்.

கார்டு கம்போனன்ட்டுக்குள்ள எங்கயாவது கரன்ட் யூசர்னு எழுதியிருக்கீங்களா, நேரடியாவோ ஒரு ஹெல்பர் வழியாவோ? கண்டிப்பா எழுதியிருப்பீங்க. முதல்ல அந்த பேஜை யார் தொறக்கறாங்களோ அவங்களுக்கு கட்டின எச்டிஎம்எல் அப்படியே ரெடிஸ்ல போய் உக்காந்துக்கும், அடுத்து வர்றவங்க எல்லாருக்கும் அவங்க ஹார்ட்தான். இன்னைக்கு ஹார்ட்டோட போச்சு, நாளைக்கு அதே கார்டுல "உங்களுக்கு மட்டும் இந்த விலை"ன்னு போட்டிருந்தா? அட்மினுக்கு மட்டும் வர்ற எடிட் லிங்க் இருந்தா? அட்மின் காலைல முதல் ஆளா பேஜை தொறந்தாருன்னா அந்த லிங்க் ஊருக்கே தெரியும்.

யூசர் ஐடியை கீல சேத்துடலாம்னு யோசிப்பீங்க. வேணாம். ஆயிரம் யூசர் இருந்தா ஒரே சேலைக்கு ஆயிரம் காப்பி, ஒருத்தரோட காப்பி இன்னொருத்தருக்கு உதவாது, அப்புறம் கேஷ்னு பேர் எதுக்கு. எல்லாருக்கும் பொதுவான கார்டை மட்டும் கேஷ் பண்ணுங்க, ஹார்ட் எப்பவும் வெள்ளையா இருக்கட்டும், ஹார்ட் மேல ப்ராடக்ட் ஐடியை ஒரு டேட்டா அட்ரிபியூட்டா வைங்க. கேஷுக்கு வெளிய, லேஅவுட்ல பாடி டேக்ல, இந்த ஆள் லைக் பண்ண ஐடி எல்லாம் ஒரு லிஸ்டா வைங்க. ஒரு குட்டி ஸ்டிமுலஸ் கன்ட்ரோலர் (பிரவுசர்ல ஓடற ஜாவாஸ்கிரிப்ட்) வந்து லிஸ்ட்ல இருக்கற ஐடிக்கு மட்டும் செவப்பு பூசிட்டு போகட்டும். தனி ரிக்வெஸ்ட் கூட தேவையில்ல.

மொழிக்கு கீல லொகேலை, அதாவது இப்ப எந்த மொழிங்கறதை சேக்கணும். ஆனா ஒவ்வொரு கேஷ் வரியிலயும் ஞாபகமா சேக்கணும்னா ஒருநாள் எவனாவது மறப்பான், அது அனேகமா நானாத்தான் இருக்கும். அதனால அப்ளிகேஷன் கன்ட்ரோலர்ல ஃப்ராக்மென்ட் கேஷ் கீன்னு ஒரு மெத்தட் இருக்கு, அதுக்கு ஒரு பிளாக் குடுத்து உள்ள ஐ18என் டாட் லொகேல்னு எழுதிட்டா எல்லா ஃப்ராக்மென்ட்டுக்கும் முன்னாடி தானா ஒட்டிக்கும். மூட்டை அண்ணனோட டைஜஸ்ட் கான்ஸ்டன்ட்டையும் அங்கயே இன்னொரு வரியா போட்டுடலாம், டெம்ப்ளேட்ல எதையும் தொட வேண்டாம்.

நான் ஒரு கம்போனன்ட்டை பாத்தா முதல்ல கேக்கறது ஒண்ணுதான்: இனிஷியலைஸுக்கு வெளிய இருந்து எதையாவது திருட்டுத்தனமா எட்டிப் பாக்குதா? கரன்ட் யூசர், குக்கீ, லொகேல், டைம் டாட் நவ், பாரம்ஸ். எட்டிப் பாக்குற ஒவ்வொண்ணும் ஒண்ணு கீல இருக்கணும், இல்ல கார்டை விட்டு வெளிய போகணும்.

அப்புறம் அந்த ஹார்ட் என்ன, வெறும் லிங்க்கா பட்டன் டூவா?

தறிநாடா:

பட்டன் டூ. டர்போ (பேஜை முழுசா ரீலோட் பண்ணாம ஃபார்மை அனுப்பற ஜாவாஸ்கிரிப்ட்) ஒத்துழைக்கலன்னு அந்த ஃபார்முக்கு மட்டும் டேட்டா டர்போ ஃபால்ஸ் போட்டு வெச்சிருக்கேன். ஏன் கேக்கறீங்க? ஐயோ இருங்க, ரெண்டு வாரமா லாக்ல 422 வந்துட்டே இருக்கு, இன்வேலிட் ஆதென்டிசிட்டி டோக்கன்னு. ஏதோ பாட் வந்து நோண்டுதுன்னு விட்டுட்டேன்.

செமிகோலன்:

பாட் இல்ல, உங்க கஸ்டமர்தான் 😀

பட்டன் டூ உள்ள ஒரு ஃபார்ம் கட்டும், அதுல ஒளிஞ்சிருக்கற டோக்கன் அந்த செஷனுக்கு மட்டும்தான் செல்லும். முதல் ஆளோட டோக்கன் கேஷ்ல மாட்டிக்கிச்சு, அடுத்தவங்க ஹார்ட்டை அமுக்கினா அது அவங்க செஷனுக்கு செல்லாது, 422. டர்போ இருந்திருந்தா ஹெட்ல இருக்கற மெட்டா டேக்ல இருந்து சரியான டோக்கனை எடுத்து ஹெட்டர்ல அனுப்பும், ரெயில்ஸ் ஃபார்ம்ல வர்றதையும் ஹெட்டர்ல வர்றதையும் ரெண்டையும் பாக்கும், ஏதாவது ஒண்ணு சரியா இருந்தா விட்டுடும், அதனால தப்பிச்சிருப்பீங்க. நீங்களே டர்போவை ஆஃப் பண்ணி கதவை சாத்திக்கிட்டீங்க. கேஷுக்குள்ள ஃபார்ம் வெக்கறதையே நிறுத்துங்க, ஹார்ட்டை வெறும் பட்டனா வெச்சு அதே ஸ்டிமுலஸ்ல இருந்து அனுப்புங்க.

நைட்டுஷிஃப்ட்:

எல்லாரும் கீயை பத்தியே பேசறீங்க, நான் அந்த கிளியர் கமாண்டை பாத்ததும் பதறிட்டேன். தறிநாடா, சைட்கிக், அதான் மெயில் மாதிரி வேலையை க்யூல வெச்சு பின்னணில ஓட்டறது, ஓடுதா? அதுக்கும் இதே ரெடிஸ்தானா?

ஏன் கேக்கறேன்னா நான் பட்டிருக்கேன். ரெடிஸ் கேஷ் ஸ்டோருக்கு நேம்ஸ்பேஸ் (எல்லா கீக்கும் முன்னாடி ஒட்டற ஒரு முன்னொட்டு) குடுக்கலன்னா ரெயில்ஸ் டாட் கேஷ் டாட் கிளியர்ங்கறது ஃப்ளஷ் டிபி. அந்த டேட்டாபேஸ்ல இருக்கற எல்லாமே போயிடும், கேஷ் மட்டும் இல்ல. நாலு வருஷம் முன்னாடி ஒரு வேலைல இருந்தப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, ஒரு பேனர் மாறலன்னு கன்சோல்ல போய் அதை அடிச்சேன், ஓகேன்னு வந்துச்சு, பையை மாட்டிட்டு கெளம்பிட்டேன். சைட்கிக் க்யூல நின்னுட்டிருந்த ஆர்டர் கன்ஃபர்மேஷன் மெயில், இன்வாய்ஸ், கொரியருக்கு போக வேண்டிய தகவல் எல்லாம் ஒரே அடியில சுத்தமா தொடச்சு போச்சு. எர்ரர் ஒண்ணும் வரல. இல்லாத ஜாபுக்கு எர்ரர் எங்க இருந்து வரும். சனிக்கிழமை மத்தியானம் கஸ்டமர் போன் வர வரத்தான் தெரிஞ்சுது, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆர்டர் டேபிளை பாத்து ஒண்ணொண்ணா மறுபடி க்யூல போட்டோம். பெயரே நைட்டுஷிஃப்ட்னு வெச்சது அப்புறம்தான்.

நேம்ஸ்பேஸ் போட்டா அந்த முன்னொட்டு இருக்கறதை மட்டும் அழிக்கும், அது முதல் பாதுகாப்பு. ஆனா ரெண்டும் ஒரே ரெடிஸ்ல இருக்கவே கூடாது, ஏன்னா ரெண்டுக்கும் வேண்டியது நேர் எதிர். கேஷ் ரெடிஸுக்கு மேக்ஸ் மெமரி அளவு போட்டு ஆல்கீஸ் எல்ஆர்யூ வெக்கணும், இடம் நெறைஞ்சா ரொம்ப நாளா யாரும் தொடாததை தானா தூக்கி போடும். மூட்டை அண்ணன் சொன்ன மாதிரி டைஜஸ்ட் மாறி மாறி வர்றப்போ பழைய கீயை யாரும் அழிக்க மாட்டாங்க, இது அழிச்சாத்தான் உண்டு. அதே செட்டிங்கை சைட்கிக் ரெடிஸுக்கு போட்டீங்கன்னா காத்திருக்கற ஜாபை தூக்கி போட்டுடும். அதுக்கு நோ எவிக்‌ஷன்தான்.

கேஷுக்கு ரெடிஸ் இல்லாம மெமரி ஸ்டோர் வெச்சிருக்கறவங்க யாராவது படிச்சா உங்களுக்கும் ஒண்ணு. அது ப்ராசஸுக்கு ஒண்ணு தனித்தனியா இருக்கும், ப்யூமா சர்வர்ல நாலு வொர்க்கர் ஓடினா நாலு கேஷ். கன்சோல்ல கிளியர் அடிச்சா கன்சோலோட கேஷ்தான் கிளியர் ஆகும், சைட்ல ஒண்ணும் அசையாது. தலையை பிச்சுக்காதீங்க.

கீரைவடை:

சரி நான் வாயை மூடிக்கறேன் 🙏 எங்க ஆபீஸ்ல ரெண்டும் ஒரே ரெடிஸ்தான், நாளைக்கு காலைல முதல் வேலை அதுதான்.

ஒரு சந்தேகம், ரெயில்ஸ் 8-ல சாலிட் கேஷ்னு வருதே, அதுல இந்த பிரச்சினை எல்லாம் இல்லையா?

நைட்டுஷிஃப்ட்:

2024 கடைசில ரெயில்ஸ் 8 வந்தப்போ புது ஆப்புக்கெல்லாம் அதுதான் டீஃபால்ட். ரெடிஸுக்கு பதிலா டேட்டாபேஸ்ல, அதாவது டிஸ்க்ல வெக்கும், ரேமை விட டிஸ்க் மலிவுங்கறதால நெறைய நாளைக்கு வெச்சிருக்கலாம். சைட்கிக்கை அழிக்கிற ஆபத்து போகும். தப்பான கீ தப்பான கீதான், அது எங்க உக்காந்தாலும்.

பழைய மூட்டை:

எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. 60 கார்டு கட்ட ரெண்டு செகண்டுங்கறது நம்பற மாதிரி இல்ல. வியூ கம்போனன்ட் பார்ஷியலை விட வேகமா கட்டக்கூடியது, டெம்ப்ளேட்டை முன்னாடியே ரூபி மெத்தடா கம்பைல் பண்ணி வெச்சுக்குது. 60 கார்டு எச்டிஎம்எல் அதுக்கு ஊதி தள்ற வேலை. ரெண்டு செகண்ட் வேற எங்கயோ போகுது. கேஷை ஆஃப் பண்ணிட்டு அந்த ஒரு பேஜை மட்டும் தொறந்து லாக்ல எத்தனை செலக்ட் (டேட்டாபேஸ் குவெரி) ஓடுதுன்னு எண்ணிட்டு வாங்க.

இன்னொண்ணு, லூப்புக்குள்ள ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி கேஷ்னா ரெடிஸுக்கு 60 தடவை போயிட்டு வருது. ரெடிஸ் வேற மெஷின்ல இருந்தா சில சமயம் கார்டை கட்டறதை விட போய் எடுத்துட்டு வர்றதுக்கு அதிக நேரம் ஆகும். பார்ஷியலா இருந்தா கலெக்‌ஷன் ரெண்டர்ல கேஷ்ட் ட்ரூ போட்டா போதும், 60 கீயையும் மூட்டையா கட்டி ஒரே ட்ரிப்புல கேட்டுட்டு இல்லாததை மட்டும் ரெண்டர் பண்ணும். கம்போனன்ட்டோட வித் கலெக்‌ஷனுக்கு அந்த வசதி இல்ல. அதனால நாங்க பண்ற திருட்டு வேலை: ஒரே ஒரு வரி இருக்கற பார்ஷியல், உள்ள கம்போனன்ட்டை ரெண்டர் பண்றதை தவிர ஒண்ணும் இருக்காது. அந்த பார்ஷியலை கலெக்‌ஷனா கூப்பிட்டு கேஷ்ட்டுக்கு ட்ரூக்கு பதிலா ஒரு லேம்டா குடுங்க, அது ப்ராடக்ட்டை வாங்கி கம்போனன்ட் டைஜஸ்ட்டும் ப்ராடக்ட்டும் சேந்த அர்ரேவை திருப்பி தரட்டும். மறுபயன்பாட்டுக்கு கம்போனன்ட், கேஷுக்கு பார்ஷியல், ரெண்டும் அதது வேலையை பாக்கும்.

முதல்ல எண்ணிட்டு வாங்க.

தறிநாடா:

எண்ணினேன். 243. ஒரு பேஜுக்கு 243 செலக்ட் 🤦

கார்டுக்குள்ள ப்ராடக்ட்டோட நெசவு ஊர் பேர் ஒரு டேபிள், குறைஞ்ச விலை வேரியன்ட்ஸ் டேபிள்ல இருந்து, படம் ஆக்டிவ் ஸ்டோரேஜ்ல இருந்து, அதுவே அட்டாச்மென்ட் ஒண்ணு பிளாப் ஒண்ணுன்னு ரெண்டு. ஆக ஒரு கார்டுக்கு நாலு, 60 கார்டு. அஞ்சு காப்பியா இருந்தப்போ கேட்டகரி பேஜுக்குன்னு எழுதின கன்ட்ரோலர்ல இன்க்ளூட்ஸ் (சம்பந்தப்பட்ட டேபிளை எல்லாம் முன்னாடியே மொத்தமா எடுக்கறது) இருந்துச்சு, நான் கம்போனன்ட்டா மாத்தறப்போ கன்ட்ரோலரையும் சுத்தம் பண்றேன்னு அதையும் சேத்து தூக்கிட்டேன். என் கையாலயே பண்ண வேலை, அதை மறைக்கத்தான் கேஷ் போட்டிருக்கேன்.

இன்க்ளூட்ஸும் வித் அட்டாச்ட் இமேஜும் போட்டேன், அப்புறம் குறைஞ்ச விலையை டேட்டாபேஸ்ல மினிமம்னு கேட்டுட்டிருந்தேன், அது ப்ரீலோட் பண்ணாலும் திரும்ப குவெரி ஓட்டுச்சு, அதனால மெமரில இருக்கற வேரியன்ட்ஸ்ல இருந்தே குறைஞ்சதை எடுக்கற மாதிரி மாத்தினேன். இப்ப 9 செலக்ட். கேஷ் இல்லாமலே பேஜ் 300 மில்லி செகண்டுக்குள்ள வருது.

அப்ப கேஷே வேண்டாமா?

செமிகோலன்:

கேட்டகரி பேஜுக்கு வேண்டாம், எடுத்துடுங்க. எடுத்த கேஷ் எந்த காலத்துலயும் பழசாகாது. ஹோம் பேஜுக்கு ட்ராஃபிக் அதிகம்னா அங்க மட்டும் மொத்த க்ரிட்டையும் சுத்தி ஒரே ஒரு கேஷ் வைங்க, கார்டு கார்டா வேண்டாம்.

அப்படி வெக்கறப்போ ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. விலை வேரியன்ட்ஸ்ல இருக்குன்னீங்க, வேரியன்ட் மாறினா ப்ராடக்ட்டோட அப்டேட்டட் அட் (கடைசியா மாறின நேரம், சரக்கு பழசான்னு கேஷ் இதை வெச்சுத்தான் பாக்கும்) மாறாது, பிலாங்ஸ் டூ பக்கத்துல டச் ட்ரூ போட்டாத்தான் மாறும். அதுவும் சேவ் பண்ணாத்தான். கிளையன்ட் எக்செல்ல விலைப்பட்டியல் அனுப்பி நீங்க அப்டேட் ஆல்ல ஏத்தறீங்கன்னா கால்பேக் எதுவும் ஓடாது, டச்சும் ஆகாது, கடைல ஒரு விலை சைட்ல ஒரு விலை. ஏத்தி முடிச்சதும் அந்த ப்ராடக்ட்ஸ் மேல டச் ஆல்னு ஒரு வரி சேத்துடுங்க.

ரெண்டாவது ஆஃபர். ராத்திரி 12 மணிக்கு தள்ளுபடி முடியுதுன்னா அந்த நேரத்துல டேட்டாபேஸ்ல ஒரு வரியும் மாறாது, கடிகாரம் மட்டும்தான் மாறும். கேஷுக்கு அது தெரியாது. ஆஃபர் இப்ப ஓடுதா இல்லையாங்கறதை ட்ரூ ஃபால்ஸா கீல சேத்துடுங்க.

தறிநாடா:

எக்செல் அப்டேட் ஆல்லதான் ஏத்தறேன், எப்படி கரெக்டா சொல்றீங்க.

பண்ணினது: கேட்டகரி, சர்ச், விஷ்லிஸ்ட் எல்லாத்துலயும் கேஷ் எடுத்தாச்சு. ஹோம் பேஜ்ல க்ரிட்டுக்கு மட்டும் ஒண்ணு, கீல கம்போனன்ட் டைஜஸ்ட், லொகேல், ஆஃபர் ட்ரூ ஃபால்ஸ், ப்ராடக்ட்ஸ். அந்த ப்ராடக்ட்ஸை ரிலேஷனாவே குடுத்தேன், அது மொத்த எண்ணிக்கையும் கடைசியா மாறின நேரமும் கேக்க ஒரே ஒரு குவெரி ஓட்டுது, கேஷ்ல இருந்தா ப்ராடக்ட்ஸை எடுக்கறதே இல்ல, அது நல்லா இருந்துச்சு. கார்டுல இருந்து கரன்ட் யூசரை தூக்கிட்டேன், ஹார்ட் ஸ்டிமுலஸ்ல. கார்டு ஃபைல்ல ஒரு எழுத்து மாத்தி லோக்கல்ல டெவ் கேஷ் ஆன் பண்ணி பாத்தேன், சர்வரை ரீஸ்டார்ட் பண்ணதும் புது கார்டு வந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணாம வரல, டைஜஸ்ட் பூட்ல மட்டும் எடுக்கறதால, ப்ரொடக்‌ஷனுக்கு அது போதும்.

சைட்கிக்கும் கேஷும் ஒரே ரெடிஸ்தான் இருந்துச்சு நைட்டுஷிஃப்ட் அண்ணே. நேம்ஸ்பேஸும் இல்ல. இந்த ரெண்டு வாரத்துல ஏழு தரம் கிளியர் அடிச்சிருக்கேன். எந்தெந்த மெயில் போகலன்னு இப்ப ஆர்டர் டேபிளை பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

நைட்டுஷிஃப்ட்:

ஆர்டர் மட்டும் பாக்காதீங்க, பாஸ்வேர்ட் ரீசெட் மெயிலும் அதே க்யூதான். டீ சொல்லிக்கோங்க, நேரம் ஆகும்.